ஆட்சி வேறு, அரசு வேறு

"யார் வந்தாலும் இப்படித்தான், ஆட்சியே வேண்டாம்." தேர்தல் பாடம் நடத்தும்போது காரைக்கால் வகுப்பறையில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வீட்டில் கேட்டதைச் சொல்லும் மாணவரைக் கடிந்து பயனில்லை. அதிருப்திக்குக் காரணமும் உண்டு. புதுச்சேரியில் 1968க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் 2006இல்தான் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்தபின் மீண்டும் நீண்ட இடைவெளி.

ஆட்சியே இல்லாவிட்டால் என்ன ஆகும்? காரைக்கால் காவிரியின் கடைமடை. நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி.யை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. சட்டமே இல்லையென்றால் தண்ணீர் வரவில்லை என்று முறையிடக்கூட இடமிராது.

2021 பிப்ரவரி 22இல் புதுச்சேரி அமைச்சரவை பெரும்பான்மை இழந்து விலகியது. குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஏப்ரல் 6இல் மக்கள் வாக்களித்தனர். ஆட்சி கவிழ்ந்தது, அரசு குலையவில்லை. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு முதலில் தெளிவாக்க வேண்டும்.

2013 முதல் நோட்டா மூலம் அதிருப்தியைப் பதிவு செய்யலாம். ஆனால் அதிக வாக்கு பெற்ற வேட்பாளரே வெல்வார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் செய்யும் பயிற்சி எளியது. தலைமடை, நடுமடை, கடைமடை என மூன்று குழுக்கள்; ஒரு குடம் தண்ணீர். முதலில் விதியின்றி எடுக்கட்டும். அடுத்து, தாங்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் பங்கிடட்டும். அவர் தவறினால் மாற்றும் உரிமையும் கொடுங்கள். எந்த முறை கடைமடைக்கு நல்லது என்பதை மாணவரே எழுதட்டும்.