சிறுகதையில் முதுமை

சிறுகதை பெரும்பாலும் இளமையின் இலக்கியமாகவே வளர்ந்து வந்துள்ளது. காதல், தொழில், சமுதாயத்தோடு மோதல் என்பன அதன் வழக்கமான பொருள்கள். முதியோர் அதில் ஒரு மூலையில் அமர்ந்திருப்பர். கதை அவரைக் கடந்து செல்லும். எனினும், அவரையே நடுவாக வைத்து எழுந்த சிறந்த கதைகளும் உள. அவற்றை ஒப்புநோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். முதுமையை வெளியே நின்று கண்ட ஆசிரியர் கதைகளில் முதியவர் பிறர் மனத்தை உருக்கும் பொருளாகின்றார். முதுமையைத் தாமே எய்திய ஆசிரியர் கதைகளிலோ விருப்பும் வெறுப்பும் கொண்டு செயலாற்றும் மாந்தராகின்றார்.

முதல் வகைக்கு இந்தி எழுத்தாளர் பிரேம்சந்த் (1880 - 1936) இயற்றிய 'பூடி காக்கி' தக்க சான்று. கணவனையும் மக்களையும் இழந்த மூதாட்டி ஒருத்தி தன் சொத்து முழுவதையும் உறவினன் புத்திராமுக்கு எழுதிக் கொடுக்கின்றாள். பின்னர் அவ்வீட்டிலேயே அரை வயிற்றுணவுக்கு ஏங்குகின்றாள். வீட்டில் விருந்து நடக்கும் நாளில் பூரியின் மணம் அவளை வாட்டுகின்றது. தவழ்ந்து வந்தவளை இருமுறை கடிந்து விரட்டுகின்றனர். சிறுமி லாட்லி மட்டும் தன் பங்கை ஒளித்து வைத்து இரவில் ஊட்டுகின்றாள். அதுவும் போதாமையால் மூதாட்டி எச்சில் இலைகளைத் துழாவி உண்கின்றாள். அதனைக் கண்ட வீட்டுத் தலைவி ரூபா நடுங்கி, உணவு கொணர்ந்து படைத்து மன்னிப்பு வேண்டுகின்றாள். கதையில் மனமாற்றம் எய்துபவள் ரூபாவே. மூதாட்டியின் பசி பிறர் மனச்சான்றைத் தட்டியெழுப்பும் கருவியாக அமைகின்றது.

1950களில் பீஷ்ம் சாஹ்னி எழுதிய 'சீஃப் கீ தாவத்' இவ்வழியில் மற்றோர் அடி முன் செல்கின்றது. மேலதிகாரியை விருந்துக்கு அழைத்த மகன், படிப்பறியாத தாயை எங்கே மறைப்பது எனத் தவிக்கின்றான். அதிகாரியோ அவள் கைவேலையான பூத்துணியை விரும்புகின்றார். ஹரித்துவாரம் செல்ல விழைந்த தாய், மகனுக்குப் பதவியுயர்வு கிட்டும் என்றறிந்ததும் மங்கிய கண்களோடு பூத்தையல் செய்ய இசைகின்றாள். இங்கு முதுமையின் வலிமை தியாகமாகவே காட்டப்படுகின்றது.

இரண்டாம் வகைக்குக் கனடா நாட்டு அலிஸ் மன்றோ (1931 - 2024) சிறந்த எடுத்துக்காட்டு. சிறுகதைக்கே வாழ்நாளை அளித்த இவர் 2013இல் நோபெல் பரிசு பெற்றார். 1999இல், தமது 68ஆம் வயதில் வெளியிட்ட 'கரடி மலை கடந்து வந்தது' என்னும் கதையில், நினைவு மங்கிய ஃபியோனா முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்கின்றாள். முதல் ஒரு மாதம் கணவன் கிராண்ட் அவளைக் காண்பதற்கு இல்லத்தின் விதி இடந்தரவில்லை. பின்னர் அவன் சென்று பார்க்கையில், அவள் ஆப்ரி என்னும் வேறொருவரிடம் பற்றுக் கொண்டிருக்கின்றாள். ஆப்ரி வீடு திரும்பியதும் அவள் வாடுகின்றாள். இளமையில் அவளுக்கு உண்மையாய் நடவாத கிராண்ட், இப்போது அவள் வாட்டந் தீர ஆப்ரியை மீண்டும் அழைத்துவர முயல்கின்றான். நோயுற்றவளும் அன்பு செய்கின்றாள். முதிர்ந்தவனும் புதிதாய்க் கற்கின்றான்.

2012இல் வெளிவந்த மன்றோவின் தொகுதியில் உள்ள 'டாலி' இன்னுந் துணிவானது. எண்பத்துமூன்று வயது ஆணும் எழுபத்தொரு வயதுப் பெண்ணும், இனி வாழ்வில் புதிதாக நிகழ்தற்கு ஒன்றுமில்லை எனக் கருதி, ஒருங்கே இறத்தல் பற்றி அமைதியாக உரையாடுகின்றனர். அவ்வேளை ஆணின் பழைய காதலி தற்செயலாக வீட்டுக்கு வருகின்றாள். எழுபத்தொரு வயதுப் பெண்ணுக்குப் பொறாமை மூள்கின்றது. வீட்டைவிட்டு நீங்கி, சினந்தெழுதிய மடலை அஞ்சலில் சேர்த்துவிட்டு, பின்னர் மீள்கின்றாள். அமைதி கலைந்தது, ஆயின் வாழ்வு மீண்டது. தளராமை என்பது பொறுத்தல் மட்டுமன்று, சினத்தற்கும் விரும்புதற்கும் இன்னும் உரிமையுடையோம் என்னும் உணர்வுமாகும் என்பதே இக்கதையின் உட்கிடை.

இவ்வேறுபாட்டால் முன்னைய கதைகள் தாழ்ந்தன என்பது கருத்தன்று. பிரேம்சந்தின் கதை இளையோரின் கடமையை உணர்த்துகின்றது. அவ்வுணர்த்தல் இன்றும் வேண்டுவதே. ஆனால் கடமையுணர்ச்சி மட்டும் ஒருவரை அறிந்துகொள்ளப் போதாது. உணவும் மருந்தும் குறைவின்றி அளிக்கும் குடும்பத்திலும், முதியவரின் விருப்பம் யாது என எவரும் வினவாதிருத்தல் கூடும்.

ஈழத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல 1983ஆம் ஆண்டின் பின் நாடுகள் பலவற்றிற் சிதறின. பெற்றோர் ஊரிலும் மக்கள் கடல் கடந்தும் வாழ்கின்றனர். பிள்ளைகள் அனுப்பும் பணமும் தொலைபேசியிற் கேட்கும் நலமும் அன்பின் அடையாளங்களே. எனினும், வெறுமையான வீட்டில் ஒரு மாலைப்பொழுது எவ்வாறு கழிகின்றது என்பதை அவை தெரிவிப்பதில்லை. அதனை உள்ளிருந்து கூற வல்லார் அம்முதியோரே. தமிழில் கி. ராஜநாராயணன் தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் எழுதினார். ஆகவே எழுதுகோலுக்கு ஓய்வு வயது இல்லை. பணி ஓய்வு பெற்ற ஆசிரியரும் பழைய மாணவரும் தம் முதுமையைத் தாமே கதையாக்குவாராயின், இரக்கம் காட்டாத பல உண்மைகளை இளைய தலைமுறை அறியும்.