சாக்கடை சொன்ன சாப்பாட்டுக் கணக்கு

பழங்கால ரோமானியர் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டால் இரண்டு காட்சிகள்தான் நம் நினைவுக்கு வரும். ஒன்று, சாய்வு மஞ்சத்தில் ஒருக்களித்துப் படுத்து விருந்துண்ணும் செல்வர்கள். இன்னொன்று, அரசு அளந்து கொடுக்கும் கோதுமைக்காகக் காத்து நிற்கும் ஏழைகள். இரண்டும் கற்பனையல்ல. திடீர்ப் பணக்காரன் ஒருவனின் விருந்தைப் பெட்ரோனியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார். அகஸ்டஸ் காலத்தில் ரோம் நகரில் 2 லட்சத்துக்கும் சற்று அதிகமான ஆண்கள் மாதம் 5 மோடியஸ், அதாவது ஏறக்குறைய 33 கிலோ கோதுமை வாங்கினார்கள். ஆனால் விருந்துக்கும் வரிசைக்கும் நடுவில் ஒரு பெரிய கூட்டம் இருந்தது: துணி வெளுப்பவர், ரொட்டி சுடுபவர், சில்லறை வியாபாரி, விடுதலை பெற்ற அடிமை, மாடி அறையில் வாடகைக்குக் குடியிருந்த குடும்பம். இவர்கள் இரவில் என்ன சாப்பிட்டார்கள் என்பது அன்றைய எழுத்தாளர் எவருக்கும் முக்கியமாகப் படவில்லை. அதனால் கஞ்சி, ரொட்டி, கொஞ்சம் எண்ணெய், தண்ணீர் கலந்த மது, இவ்வளவுதான் இவர்களுடைய உணவு என்று வெகு காலம் எழுதப்பட்டது. அது தவறு என்று நினைக்கிறேன். நகரத்தின் சாதாரணக் குடும்பம் பல ருசிகளை அறிந்து, தேர்ந்து சாப்பிட்டது. அந்த வசதியை அதற்குக் கொடுத்தது அதன் சொந்த அடுப்படி அல்ல, நகரம்தான். இதற்கு நம்மிடம் உள்ள முதல் சாட்சி, ஒரு சாக்கடை.

கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பாம்பெயுடன் ஹெர்குலேனியம் என்ற சிறிய கடலோர நகரமும் புதைந்தது. சில ஆயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த ஊர். அதன் கிழக்கு ஓரத்துத் தெரு ஒன்றில் நீளமான ஒரு கட்டடம் நிற்கிறது. தரைத்தளத்தில் கடைகளும் பட்டறைகளும், மேலே வாடகைக் குடியிருப்புகள். இன்றைய கடைத்தெருவில் கீழே மளிகை, மேலே வீடு என்று இருப்பதை நினைத்துக்கொண்டால் போதும். இங்கே கழிப்பிடம் பெரும்பாலும் சமையல் மூலையை ஒட்டியே இருந்தது. காய்கறித் தோலும், மீன் முள்ளும், உடைந்த சட்டியும், மனிதக் கழிவும் ஒரே குழாய் வழியாக இறங்கிக் கட்டடத்துக்கு அடியில் ஓடிய நீண்ட சுரங்கத்தில் விழுந்தன. அதற்கு வெளியே போக வழி கிடையாது. பார்க்கக் கால்வாய் போலிருந்தாலும் நம் ஊர் செப்டிக் டேங்க் செய்யும் வேலையைத்தான் அது செய்தது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், இடிந்து கொண்டிருந்த ஹெர்குலேனியத்தைக் காப்பாற்றும் திட்டத்தில் இறங்கியவர்கள் மழைநீர் வடிய இதைத் தூர் வாரினார்கள். 700-க்கும் மேற்பட்ட மூட்டைகள், ஏறத்தாழ 10 டன் கழிவு கிடைத்தது. ரோமானிய உலகில் ஒரே இடத்தில் கிடைத்த மனிதக் கழிவில் இதுவே மிகப் பெரியது. மேலே குடியிருந்தவர்கள் சுமார் 150 பேர் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

கழிவில் உள்ள பாஸ்பேட்டும் சுண்ணாம்புச் சத்தும் விதைக்குள் ஊடுருவி, அதை மெல்ல மெல்லக் கல்லாக்கிவிடும். அதனால்தான் குடலைக் கடந்து வந்த ஓர் அத்தி விதையை 2,000 ஆண்டுகளுக்குப் பிறகும் உருப்பெருக்கியில் பார்த்து அடையாளம் சொல்ல முடிகிறது. மூட்டைகளை நீரில் அலசி, சல்லடையில் சலித்து, மணி மணியாகப் பிரித்தபோது வந்த பட்டியலைப் பாருங்கள்: அத்தி, திராட்சை, ஆலிவ், முட்டை ஓடு, வால்நட், கொத்தமல்லி, சோம்பு, கசகசா. கடலிலிருந்து சிப்பிகள், உடலெல்லாம் முள்ளாக இருக்கும் மூரை, பல பத்து வகை மீன்கள். மீன்களில் நெத்திலி, மத்தி போன்ற பொடி மீன்கள் நிறைய. கரைக்கு வந்ததும் மலிவாக விற்றுப்போகும் மீன்கள் இவை. பட்டியலில் ஒவ்வொன்றும் எளிய பொருள்தான். ஆனால் கஞ்சியையும் ரொட்டியையும் மட்டும் தின்று வாழ்ந்தவர்களின் வயிற்றிலிருந்து இப்படி ஒரு பட்டியல் வராது. கொத்தமல்லியும் கசகசாவும் பசியை ஆற்றுவதில்லை. ருசி வேண்டும் என்று நினைத்து, அதற்கென்று காசு ஒதுக்கிய ஒருவர் அந்த மாடியில் இருந்தார் என்பதையே அவை காட்டுகின்றன.

ருசிக்கான அந்தக் காசு எவ்வளவு என்பதையும் ஓரளவு கணக்கிடலாம். அதற்கு மிளகு உதவும். சங்கப் பாடல்கள் ‘கறி’ என்று அழைக்கும் இந்தப் பொருள் சேர நாட்டு மலைச்சரிவில் விளைந்து, முசிறித் துறையில் கப்பலேறி, செங்கடலும் நைல் நதியும் கடந்து இத்தாலியை அடைந்தது. இவ்வளவு தூரம் வந்த சரக்கு செல்வர் வீட்டுக்கு மட்டுமே போயிருக்கும் என்று தோன்றுவது இயல்பு. எழுத்தாளர் ப்ளினி தரும் விலை வேறு விதமாகப் பேசுகிறது. நீள மிளகு ஒரு பவுண்டு 15 டெனாரியஸ், வெள்ளை மிளகு 7, கருமிளகு 4. இந்த ப்ளினி, ஹெர்குலேனியம் புதைந்த அதே வெடிப்பில் இறந்தவர். ஆகவே அவர் சொல்வது அந்த மாடி வீட்டுக்காரர்கள் வாழ்ந்த காலத்து விலை. ரோமானிய பவுண்டு 327 கிராம், ஒரு டெனாரியஸுக்கு 16 ஆஸ் காசு. வகுத்துப் பார்த்தால் ஓர் ஆஸுக்கு 5 கிராம் கருமிளகு. பாம்பெய் மதுக்கடைச் சுவரில் எழுதியிருக்கும் விலைப்படி, ஓர் ஆஸ் கொடுத்தால் கிடைப்பது இருப்பதிலேயே மலிவான மது. ஒருவர் ஒரு முறை மது குடிக்காமல் இருந்தால் அவர் வீட்டுக் குழம்புக்குச் சில நாள் மிளகு கிடைத்துவிடும். பிரிட்டனின் வடக்கு எல்லையில் விண்டொலாண்டா முகாமில் கிடைத்த மரப்பலகைக் கணக்கு ஒன்றில், ஒரு சாதாரணப் படைவீரன் பெயருக்கு எதிரே 2 டெனாரியஸுக்கு மிளகு என்று எழுதியிருக்கிறது. சேர நாட்டுக் கொடியில் காய்த்தது அந்தக் குளிர்நாட்டுச் சிப்பாயின் சட்டி வரை போயிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

கையளவு அறையில் வாழ்ந்தவர் இதையெல்லாம் எங்கே சமைத்தார்? பெரும்பகுதியை அவர் சமைக்கவே இல்லை. ஹெர்குலேனியத்தின் இதே கட்டடத்தில் கீழே ஒரு ரொட்டிக் கடை உண்டு, மாவு அரைக்கும் கல்லோடு. பாம்பெயிலோ தெருவுக்குத் தெரு சாப்பாட்டுக் கடை. வாசலில் கல் மேடை, மேடைக்குள் பதித்த மண் ஜாடிகள். 2020-இல் முழுமையாக வெளிவந்த ஒரு கடையில் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை ஆகியவற்றின் மிச்சங்கள் கிடைத்தன. மதுவில் கலந்த அவரை மாவும் ஒரு ஜாடியின் அடியில் இருந்தது. ஒரு வாத்தை வாங்கி, உரித்து, விறகு செலவழித்து வேகவைக்க மாடி அறைக் குடும்பத்தால் முடியாது. அந்த வாத்தில் ஒரு கரண்டிக் குழம்பு வாங்க முடியும். நகரம் என்ற ஏற்பாட்டின் பலன் இதுதான். தனி ஒருவரால் தாங்க முடியாத செலவைத் தெரு முழுவதும் பகிர்ந்துகொண்டது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ஹெர்குலேனியம் செல்வர்கள் ஓய்வெடுக்க வந்த கடற்கரை ஊர், அதை வைத்து எல்லா ரோமானிய நகரத்தையும் அளக்கலாமா? அளக்கக் கூடாது. வெசூவியஸ் சரிவின் வளமான மண்ணும், வாசலிலேயே கடலும் எல்லா ஊருக்கும் வாய்க்கவில்லை. தலைநகர் ரோமின் நெருக்கடியான பல மாடிக் கட்டடங்களில் மீன் இவ்வளவு எளிதில் கிடைத்திருக்காது. இந்தக் குடியிருப்பிலும் அடுத்த வேளைக்கு வழியில்லாதவர்கள் இருந்ததாகத் தெரியவில்லை. வாடகை கொடுக்கும் அளவுக்கு வருமானம் உள்ளவர்கள் இவர்கள். ஆனால் நான் பேசுவதும் அவர்களைப் பற்றித்தான். செல்வருமல்ல, பரதேசியுமல்ல என்ற இந்த நடுக்கூட்டத்தைத்தான் பழைய நூல்கள் கண்டுகொள்ளவில்லை. ஊர் செழிப்பானது என்பது உண்மைதான், ஆனால் சாக்கடைக்குள் கிடந்தது அந்த ஊரின் மாளிகைக் கழிவு அல்ல.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் நுட்பமானது. சாக்கடை வகையைச் சொல்லும், அளவைச் சொல்லாது. ஒரே அத்திப்பழத்தில் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும். விதையை எண்ணி அத்திதான் முக்கிய உணவு என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். ரொட்டியும் கஞ்சியும் குடலிலேயே கரைந்து கிட்டத்தட்ட தடமில்லாமல் போய்விடும், ஆகவே நாம் காணும் பட்டியலில் தானியத்தின் பங்கு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். இதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். வயிற்றை நிரப்பியது ரொட்டிதான். பாம்பெய் வீடு ஒன்றின் சுவரில் யாரோ சில நாள் செலவைக் கீறி வைத்திருக்கிறார்கள், அதில் ரொட்டிதான் பெரிய செலவு. ஆனால் அதே பட்டியலில் எண்ணெய் வருகிறது, மது வருகிறது, பாலாடைக்கட்டி வருகிறது, வெங்காயம் வருகிறது. மூன்று வேளையும் அரிசிச் சோறு சாப்பிடும் வீட்டைப் பார்த்து ‘இவர்களுக்கு அரிசியைத் தவிர வேறொன்றும் தெரியாது’ என்று நாம் சொல்வோமா? சோற்றோடு என்ன வந்தது என்பதில்தான் அந்த வீட்டின் வாழ்க்கை தெரியும்.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 150 பேரின் கழிவும் ஒன்றாகக் கலந்துவிட்டது. அதில் முட்டையை யார் தின்றார், ரொட்டி ஓரத்தை யார் தின்றார்? சாக்கடை பிரித்துக் காட்டாததை எலும்பு காட்டுகிறது. வெடிப்பிலிருந்து தப்பக் கடற்கரைக்கு ஓடி, படகுக் கொட்டில்களில் ஒடுங்கி மாண்டவர்களின் எலும்புக்கூடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றில் 17 பேரின் எலும்பை வேதியியல் முறையில் ஆராய்ந்த முடிவு 2021-இல் வெளியானது. ஆண்களுக்குக் கடலுணவிலிருந்து கிடைத்த புரதம் பெண்களுக்குக் கிடைத்ததைவிடக் கணிசமாக அதிகம். வெறும் 17 பேர் என்பதால் அதை வைத்து ஊருக்கே தீர்ப்பெழுத முடியாது. ஆனாலும் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு இல்லை என்பதற்கு அது ஒரு சான்று. நான் கொண்டாடிய ரொட்டிக் கடைக்கும் இன்னொரு பக்கம் உண்டு. 2023-இல் பாம்பெயில் வெளிப்பட்ட ஒரு ரொட்டிப் பட்டறையில் வெளியே போகத் தனிக் கதவு கிடையாது. உயரத்தில் இரும்புக் கம்பி போட்ட சிறு சன்னல்கள். மாவுக்கல்லைச் சுற்றி, கழுதைகள் வழுக்காமல் நடக்கத் தரையில் வெட்டிய பள்ளங்கள். அடிமைகளையும் விலங்குகளையும் ஒன்றாகப் பூட்டி வைத்து மாவு அரைத்த இடம் அது. மாடி வீட்டுக்காரர் விறகுச் செலவும் நேரமும் மிச்சம் பிடித்து ரொட்டி வாங்கினார் என்றால், அந்த மிச்சத்தில் ஒரு பங்கு இந்த இருட்டறையிலிருந்து வந்தது.

ஹெர்குலேனியத்தில் கரிந்துபோன ரொட்டி ஒன்று முழுதாகக் கிடைத்திருக்கிறது. எட்டுத் துண்டாகப் பிய்க்க வாகாகக் கீறல் போட்டது. அதன் மேல் முத்திரை: கெலர், குவின்டஸ் கிரானியஸ் வேருஸின் அடிமை. கெலர் அதைப் பிசைந்தவனா, சுடக் கொண்டுவந்தவனா என்பது முத்திரையில் இல்லை. பாம்பெய்ச் சுவரில் செலவைக் கீறியவரும் அந்த வீட்டு அடிமையை விட்டுவிடவில்லை. வீட்டு ரொட்டிக்கு 8 ஆஸ் என்று எழுதிய அதே நாளில், கீழே தனி வரியில் அடிமையின் ரொட்டிக்கு 2 ஆஸ் என்று எழுதியிருக்கிறார். அதே நாள் வெங்காயத்துக்கு ஆன செலவு 5 ஆஸ்.