பழைய பீர்க் கலனுக்கு உதிரிபாகம் தேடுவது எப்படி?

வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் பலர் வாங்குவது, குளிர்பான நிறுவனங்கள் கழித்துவிட்ட எஃகுக் கலன்களைத்தான். ஏறக்குறைய 19 லிட்டர் பிடிக்கும். எஃகு பல்லாண்டு உழைக்கும், ரப்பர் உழைக்காது.

முதலில் வகையைக் கண்டறியுங்கள். மேலே இரண்டு முனைகள் இருக்கும்: ஒன்று வாயு நுழைய, மற்றொன்று பீர் வெளியேற. முனையின் பக்கவாட்டில் சிறு ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது கொக்கா கோலா பயன்படுத்திய ‘பின் லாக்’. வாயு முனையில் 2, பீர் முனையில் 3 ஊசிகள். ஊசிகளே இல்லையென்றால் பெப்சி பயன்படுத்திய ‘பால் லாக்’. ஒன்றின் இணைப்பான் மற்றதற்குப் பொருந்தாது. ஒரே வகையிலும் மரையளவு மாறுபடுவதுண்டு. எனவே, கழற்றிய உறுப்பைக் கையோடு கடைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ரப்பர் வளையங்கள் மொத்தம் ஐந்து: மூடியில் 1, முனைகளில் 2, உள்ளிறங்கும் குழாய்களில் 2. ஐந்தையும் மாற்றிவிடுங்கள், பழைய ரப்பரில் குளிர்பான வாடை எளிதில் போகாது. உணவுத் தரமுள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

மிக முக்கியமானது பாதுகாப்பு. ஸ்பேனரை எடுக்குமுன் மூடியின் வால்வைத் திறந்து அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றுங்கள். கைவால்வு இல்லாத மூடியென்றால், வாயு முனையின் நடுவிலுள்ள சிறு அடைப்பை அழுத்துங்கள். அழுத்தம் இருக்கும்போது கழற்றப்படும் முனை முகத்தில் தெறிக்கலாம்.

பொருத்தியபின் வாயு ஏற்றி, சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது. பற்றுவைப்பில் விரிசல் இருந்தால் மட்டும் உதிரிபாகம் தேடாதீர்கள். அந்தக் கலனையே ஒதுக்கிவிடுங்கள்.