உங்களுக்குத் தெரியுமா? கூட்டத்துக்கு மேலே ட்ரோன்

2017 மே 12 அன்று டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையின் புதிய கட்டடத்தைத் திறந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, நோர்வூட் மைதானத்தில் பெருந்திரளான மலையகத் தமிழரிடையே பேசினார்.

அத்தகைய கூட்டத்தின் மேல் யாரேனும் ட்ரோன் பறக்கவிட்டால்? இலங்கையில் அதற்கு அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் பொறுப்பு. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின் நாடு முழுவதும் தடை விதித்ததும் அதுவே.

இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளோ, அவசரத்தில் ஓரிடத்தை அனுமதியின்றி ட்ரோன் பறக்கக் கூடாத தற்காலிகச் சிவப்பு வலயமாக்கும் அதிகாரத்தைப் பொலிஸ் கண்காணிப்பாளர் நிலை அதிகாரிக்கே தருகின்றன. ஒரு தடவைக்கு உச்சவரம்பு 96 மணித்தியாலம். களத்தை அறிந்தவர் கையில் முடிவு இருப்பது நல்ல ஏற்பாடு.

ஆனால், தடையை மீறி வரும் ட்ரோனைச் சுட்டாலோ அதன் அலைவரிசையைக் குழப்பினாலோ அது சனத்தின் தலையிலேயே விழலாம். இயக்குபவரைத் தேடிப்பிடித்து இறக்கச் சொல்வதே ஆபத்துக் குறைந்த வழி.