வெளிநாட்டு படிப்புக்கு பணம் கட்டும் முன்பு இதை பாருங்க!

அய்யலூர்:
வியாழக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு பேர் போன ஊர் அய்யலூர். இங்கே ஆடு வாங்க வருபவர்கள் பல்லைப் பார்த்து, தூக்கிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். ஆனால் பிள்ளையை வெளிநாட்டுக்கு படிக்க அனுப்பும்போது மட்டும் ஏஜெண்டு சொல்வதை அப்படியே நம்பி விடுகிறோம்.

எதற்காக போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு போனார் அம்பேத்கர். அவர் படித்தது நாட்டுக்கே பயன்பட்டது.

டாக்டர் படிப்பு என்றால் உஷார் தேவை. வெளிநாடு போனாலும் 'நீட்' தேர்வில் பாஸ் ஆகியிருக்கணும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ம் ஆண்டு விதிப்படி படிப்பு 54 மாதத்துக்கு குறையக்கூடாது. ஆங்கிலத்தில் பாடம் நடத்த வேண்டும். அதே கல்லூரியில் 12 மாத பயிற்சியும் உண்டு. திரும்பி வந்து இங்கே தகுதித்தேர்வும் பாஸ் ஆகணும். இல்லாவிட்டால் பட்டம் இருந்தும் ஊசி போட முடியாது.

அடுத்தது கடன். ரூ.7½ லட்சத்தை தாண்டினால் வங்கிகள் பொதுவாக சொத்து ஜாமீன் கேட்கும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்றாலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வேலை கிடைக்கலைன்னா காடு கைவிட்டு போயிடும்.

கடன் இல்லாமலும் வழி இருக்கு. ஆதிதிராவிட மாணவர்கள் வெளிநாட்டில் முதுகலை, பிஎச்.டி. படிக்க மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உள்ளது. வயது 35-க்குள், மதிப்பெண் 60 சதவீதம், குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

ஆட்டுக்கு பார்க்கிற பல்லை, காலேஜுக்கும் பார்த்துட்டு பணம் கட்டுங்க!