தேங்காயும் கதிரியக்கமும்: உணவைக் கொண்டு கணிக்கும் முறை

காரைக்குடிப் பக்கத்தில் குழம்பானாலும் கூட்டானாலும் தேங்காய் சேராத சமையல் அரிது. பசிபிக் பெருங்கடலிலுள்ள பிகினித் தீவு மக்களுக்கும் தேங்காயே உணவு, இளநீரே பானம். அந்தத் தேங்காயே அவர்களை இரண்டாம் முறையாக ஊரை விட்டு வெளியேற்றியது.

நடந்தது என்ன?

1946-ல் அம்மக்களை வேறு தீவுக்கு அனுப்பிவிட்டு, 1958 வரை அமெரிக்கா அங்கு 23 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. 1970-களின் தொடக்கத்தில் சில குடும்பங்கள் திரும்பி வந்து குடியேறின. ஆனால் மக்கள் உண்ணும் தேங்காயின் அளவு முதலில் மிகக் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. அவர்கள் உடலில் சீசியம்-137 என்னும் கதிரியக்கப் பொருள் கூடிக்கொண்டே வந்ததால், 1978-ல் மீண்டும் வெளியேற்றப்பட்டனர்.

கணிப்பது எப்படி?

1. உணவை உலர்த்தி, கருவியில் வைத்து, கிலோவுக்கு எத்தனை பெக்கரல் என அளக்கவேண்டும். ஒரு நொடியில் ஓர் அணு சிதைவதே ஒரு பெக்கரல்.

2. ஒருவர் நாளொன்றுக்கு அவ்வுணவை எவ்வளவு உண்கிறார் என அறியவேண்டும்.

3. இரண்டையும் பெருக்கி ஆண்டுக் கணக்காக்கி, சீசியம்-137 ஆனால் 0.000013-ஆல் பெருக்கினால், பெரியவர் ஒருவர் பெறும் கதிர்வீச்சு மில்லி சீவெர்ட்டில் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, கிலோவுக்கு 1000 பெக்கரல் உள்ள தேங்காயைத் தினம் 200 கிராம் உண்டால், நாளுக்கு 200, ஆண்டுக்கு 73,000 பெக்கரல் உடலில் சேரும். இது ஏறத்தாழ 0.95 மில்லி சீவெர்ட். பொதுமக்களுக்கு இயற்கைக்கு மேல் அனுமதிக்கப்பட்ட ஆண்டு வரம்பு 1 மில்லி சீவெர்ட். தினம் 20 கிராம் என்று தவறாக எழுதியிருந்தால் விடை 0.1-க்கும் குறைவாகி, ஆபத்தில்லை என்றே தோன்றும். உண்ணும் அளவை வீட்டாரிடமே கேட்டறிவது இதனால்தான் முக்கியம்.

சாம்பல் சத்தின் பங்கு

சீசியம், சாம்பல் சத்தாகிய பொட்டாசியத்தைப் போன்ற குணமுடையது. பவளப்பாறை மண்ணில் சாம்பல் சத்து மிகக் குறைவு, களியும் இல்லை. எனவே தென்னை வேர்கள் பொட்டாசியத்துக்குப் பதில் சீசியத்தை உறிஞ்சின. பிகினியில் பொட்டாஷ் உரமிட்ட மரங்களின் தேங்காயில் சீசியம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டின.

நம் தோட்டங்களில்

நம் பகுதித் தேங்காயைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை. இங்கு அணுகுண்டுச் சோதனை எதுவும் நடந்ததில்லை. எல்லா உணவிலும் இயற்கையான பொட்டாசியம்-40 உண்டு. அதனால் நாம் ஆண்டுக்குப் பெறுவது சுமார் 0.17 மில்லி சீவெர்ட்.

எனினும் சாம்பல் சத்துக் குறைந்தால் காய்ப்பு குறையும். காய்க்கும் மரமொன்றுக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, மூரியேட் ஆப் பொட்டாஷ் 2 கிலோ, தொழு உரம் 50 கிலோ இடவேண்டும். இரசாயன உரங்களை இரண்டாகப் பிரித்து, ஆனி-ஆடியிலும் மார்கழி-தையிலும், மண்ணில் ஈரமிருக்கும்போது இடுக.