நடுவழியில் நிற்கும் மின்வண்டி

மின்சாரத்தால் ஓடும் வண்டி நம் ஹெப்பகோடிப் பகுதிக்குப் புதிதன்று. நமக்கு அடுத்துள்ள பொம்மசந்திராவிலிருந்து ‘ரேவா’ என்னும் சிறு கார் 2001-ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. பெங்களூரின் மைனி குழுமமும் அமெரிக்க நிறுவனம் ஒன்றும் 1994-இல் கூட்டாகத் தொடங்கிய முயற்சியின் பயன் அது. சேத்தன் மைனி என்பார் அதன் உயிர்நாடியாக விளங்கினார். ஆறு வோல்ட் ஈய பேட்டரிகள் எட்டினை இருக்கைகளுக்கு அடியில் அடுக்கி, 48 வோல்ட்டில் அக்காரை ஓட்டினர். முழுதும் சார்ஜ் ஏற்றினால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போகும் என்றனர். இலண்டன் மாநகரத் தெருக்களிலும் ‘ஜீ-விஸ்’ என்ற பெயரோடு அது உலவியது. 2010-இல் மகீந்திரா நிறுவனத்தார் அதனைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, 2013-இல் ‘ஈ-டூ-ஓ’ என்னும் அடுத்த காரை வெளியிட்டனர். அக்காரில் ஒரு வசதி இருந்தது. வழியில் மின்சாரம் தீர்ந்துபோனால், ஓட்டுநர் நிறுவனத்தாரைத் தொலைபேசியில் அழைக்க, அவர்கள் இருந்த இடத்திலிருந்தே பேட்டரிக்குள் ஒதுக்கி வைத்திருந்த சிறிதளவு மின்சாரத்தைத் திறந்துவிடுவர். அவ்வண்டிகளின் உற்பத்தி இன்று இல்லை. ஆயினும், நடுவழியில் நிற்பவனின் துயரை முன்கூட்டியே நினைத்துப் பார்த்தார்களே, அந்த நினைப்பு பாராட்டத்தக்கது.

இப்பொழுது நம் தெருக்களை நிறைத்திருப்பவை ஸ்கூட்டர்களே. ஏத்தர் 2018-இல் பெங்களூரில் தொடங்கியது, டி.வி.எஸ். ஐக்யூப் 2020 ஜனவரியில் இந்நகரிலேயே முதலில் வெளிவந்தது. இவற்றின் தொழிற்சாலைகள் ஓசூரில் உள்ளன. ஓலாவின் தொழிற்சாலை போச்சம்பள்ளிக்கு அருகில் உள்ளது. ஆகத் தமிழ்நாட்டு எல்லைக்குள் உருவான வண்டி, எல்லை கடந்து வந்து, எல்லை கடந்து வந்த தமிழ்த் தொழிலாளியை ஓசூர்ச் சாலையில் சுமந்து செல்கின்றது! நம் சங்கத்துக் குடும்பங்களுள் பலர் தவணைக் கடனில் இவ்வண்டிகளை வாங்கியுள்ளனர். ஒருவர் அதிகாலை ஷிஃப்டுக்குப் போவார். அதே வண்டியில் அவர் மனைவி பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் தையல் ஆலைக்குச் செல்வார். உணவுப் பொட்டலம் கொண்டுசெல்லும் இளைஞருக்கோ வண்டிதான் உத்தியோகம். வண்டி நின்றால் அன்றைய கூலி நிற்கும். தவணை மட்டும் நிற்பதில்லை. 2025 ஆகஸ்டு 11 முதல் பொம்மசந்திரா வரை மெட்ரோ ஓடுவது ஓரளவு ஆறுதல். ஆனால் நிலையத்திலிருந்து ஆலை வாயில் வரையுள்ள தூரத்தை யார் குறைப்பது?

பெட்ரோல் வண்டி நின்றால் நாம் கலங்குவதில்லை. பிளக்கைக் கழற்றித் துடைப்போம். சாலையோரப் பட்டறைக்குத் தள்ளிச் செல்வோம். மெக்கானிக் அண்ணன் கையில் ஸ்பானரை எடுத்தவுடனே பாதி நோய் தீர்ந்தது போல் ஒரு தெளிவு பிறக்கும். மின்வண்டியின் முன் அந்த அண்ணனே கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றார். கார்பரேட்டர் இல்லை, கிளட்ச் இல்லை, என்ஜின் ஆயில் இல்லை. மோட்டாரில் சுழல்வது ஒரே ஓர் உறுப்பு; அதனைத் தாங்குவன பேரிங்குகள். கெடக்கூடிய உறுப்புகள் குறைவு என்பது மெய்யே. கெட்டால் கை வைக்கக்கூடிய இடங்களும் குறைவு என்பதை விற்பனையாளர் சொல்வதில்லை.

இனி, கெடுபவை எவை என்று காண்போம். டயரும் பிரேக்கும் சஸ்பென்ஷனும் எந்த வண்டிக்கும் பொதுவானவை. பேட்டரியின் கனத்தாலும், மோட்டார் எடுத்த எடுப்பிலேயே முழு விசையைத் தருவதாலும் பின் டயர் விரைந்து தேய்வதுண்டு. மாறாக, பிரேக் கட்டைகள் மெதுவாகவே தேயும். ஏனெனில் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்த உதவுகின்றது. இரயில்வேயில் நாங்கள் மின்சார என்ஜின்களில் அறிந்த முறைதான் இது. பேட்டரி நிரம்பியிருக்கும்போது, வரும் மின்சாரத்தை ஏற்க அதில் இடமில்லாமையால் பல வண்டிகளில் இந்தப் பிடிப்பு குறைந்துவிடும். காலையில் முழு சார்ஜோடு புறப்பட்டவர், “பிரேக் பிடிக்கவில்லை” என்று அஞ்சுவது இதனால்தான். கைப்பிடிப் பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்கும்; அது நிற்காவிட்டால்தான் உண்மைக் கோளாறு.

முன் ஃபோர்க் போன்ற இரும்பு உறுப்பும் அலட்சியத்துக்குரியதன்று. 2023 மார்ச்சில் ஓலா நிறுவனமே தன் ஸ்கூட்டர்களின் முன் ஃபோர்க்கை விரும்புவோர்க்கு இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. இவ்வகை அறிவிப்பு வந்தால், “என் வண்டிக்கு ஒன்றும் இல்லையே” என்று இருந்துவிடாமல் மாற்றிக்கொள்வது நன்று.

பின் சக்கரத்தைச் சுழற்றும் முறை இரு வகைப்படும். ஏத்தர் போன்றவற்றில் மோட்டார் நடுவில் இருந்து பெல்ட் வழியே சக்கரத்தைச் சுழற்றும். பெல்ட் அறுந்தால் மோட்டார் ஓடும் ஓசை கேட்கும், வண்டி நகராது. ஐக்யூப் போன்றவற்றில் மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே அடங்கியுள்ளது. அங்கே பெல்ட் இல்லை. ஆனால் பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் அச்சினூடே செல்லும் மின்கம்பியையும் விடுவிக்க வேண்டியிருக்கும். பஞ்சர் கடைக்காரர் தயங்கினால் அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். தயங்குகிறவரே நல்ல தொழிலாளி. டியூப் இல்லாத டயராக இருந்தால் சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டிவிடலாம்.

வண்டி உதறி உதறி நகர்ந்தால், சுழற்சியை அறிவிக்கும் சென்ஸாரோ கம்பி இணைப்போ பழுதாகியிருக்கலாம். சாவியை அணைத்து, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். காந்தத்தின் இழுப்பால் சிறிது பிடித்துப் பிடித்துச் சுழல்வது இயல்பு. சேற்றில் சிக்கியது போல் கனத்தால் மோட்டாருக்குள்ளோ கன்ட்ரோலரிலோ மின்கசிவு ஏற்பட்டிருக்கக்கூடும். அவ்வண்டியை உருட்டிச் செல்லவும் கூடாது. ஏற்றிச் செல்லவே வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு வழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். நின்றுபோன வண்டியை இன்னொரு வண்டிக்காரர் காலால் உந்தித் தள்ளிச் செல்வது பெங்களூரில் நாள்தோறும் காணும் காட்சி. நட்பின் அடையாளந்தான்; ஆனால் மின்வண்டிக்கு ஆகாது. சக்கரம் வெளியிலிருந்து சுழற்றப்பட்டால் மோட்டார் தானாகவே மின்சாரத்தை உண்டாக்கும். பழுதுற்ற பகுதிக்குள் அது பாய்ந்து கேட்டைப் பெருக்கும். சில வேளை சக்கரமே திடீரென்று பிடித்துக்கொள்ளும். லாரிகள் விரையும் ஓசூர்ச் சாலையில் அதன் விளைவை நான் விவரிக்க வேண்டியதில்லை. கார்களையும் ஓட்டுசக்கரம் தரையில் உருளுமாறு கயிறு கட்டி இழுக்கலாகாது. தட்டையான மேடையுள்ள வண்டியில் ஏற்றுவதே முறை. தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

கார் வைத்திருப்போர் நம்முள் சிலரே. அவர்கள் ஒன்றை அறிந்திருத்தல் நலம். பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் அசையாமல் கிடப்பதுண்டு. அக்காரை உறக்கத்திலிருந்து எழுப்புவது 12 வோல்ட் சிறு பேட்டரி. அது சோர்ந்தால் கதவு கூடத் திறக்காது. கையேட்டில் சொல்லிய முறையில் அதற்கு மட்டும் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் பல வேளை கார் கிளம்பிவிடும். ஆரஞ்சு நிறக் கம்பிகளை மட்டும் எவரும் தொடலாகாது. அவை உயிருக்கு உலை வைக்கும் மின்னழுத்தம் பாய்பவை.

மழைக்கு வருவோம். சென்னையில் 1895 மே 7 அன்று மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது மின்கம்பியைத் தெருவுக்கு அடியில் பதித்திருந்தனர். மழைவெள்ளம் புகுந்து கெடுக்கவே, பின்னர்த் தலைக்கு மேல் கம்பி கட்டினர். நூற்றாண்டு கடந்தும் மின்சாரத்துக்கும் வெள்ளத்துக்கும் உள்ள பகை தீரவில்லை. 2022 செப்டம்பரில் பெங்களூரின் பெருஞ்சாலைகள் ஏரிகளானதை நாம் கண்டோம். ‘ஐ.பி. 67’ என்று பேட்டரியின் மேல் பொறித்திருந்தால், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும் எனச் சோதித்தனர் என்று பொருள். புதிய பேட்டரிக்குச் செய்த சோதனை அது. பள்ளங்களில் குதித்துக் குதித்து இரண்டாண்டு உழைத்த இணைப்புகளுக்கு அது காப்புறுதி ஆகாது. வெள்ளத்தில் நின்ற வண்டியைச் சோதித்துப் பாராமல் சார்ஜரில் இணைக்கவே கூடாது.

நம் குடியிருப்புகளை எண்ணும்போது எனக்கு மிகுந்த கவலை தருவது இதுவே. ஒற்றைப் படிக்கட்டு, அதன் அடியில் நான்கு ஸ்கூட்டர்கள், ஒரே பிளக்கிலிருந்து நீளும் கம்பிகள். பேட்டரி உப்பினாலோ, சீறும் ஓசை வந்தாலோ, இனிப்பு கலந்த மருந்து நெடி வீசினாலோ, புகை தோன்றினாலோ, வண்டியை விட்டு எல்லாரும் விலக வேண்டும். இலித்தியம் பேட்டரித் தீ அணைந்தது போல் தோன்றி மீண்டும் பற்றும். 112-ஐ அழைத்துத் தீயணைப்புப் படையை வரவழைப்பதே செய்யத்தக்கது. தீ விபத்துகள் பலவற்றுக்குப் பிறகு, பேட்டரிச் சோதனை விதிகளை அரசு 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டமாகக் கடுமையாக்கியது. அதற்கு முன் வாங்கிய வண்டிகள் இன்னும் நம் படிக்கட்டின் கீழ் உள்ளன. வெளியேறும் வழியில் சார்ஜ் செய்வதைத் தவிர்த்து, எர்த் இணைப்புள்ள தனிப் பிளக்கை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பெறுங்கள். வெயிலில் ஓடி வந்த வண்டி சூடு ஆறிய பின்னரே சார்ஜ் ஏற்றுக.

நிற்க. சாலையில் நிற்பது ஒரு நாள் துன்பம். சர்வீஸ் நிலையத்தில் நிற்பதோ பல நாள் துன்பம். எங்கள் தெருவில் ஓர் அன்பரின் வண்டி பதினெட்டு நாள் ஒரு நிலையத்தில் கிடந்தது. உதிரி உறுப்பு வரவில்லை என்றனர்; பிறகு, வண்டியில் நீர் புகுந்ததால் வாரண்டி செல்லாது என்றனர். ஒப்படைத்த நாளில் வண்டி எந்நிலையில் இருந்தது என்பதற்கு அவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. கன்னடமும் ஆங்கிலமும் தடுமாறும் நாவோடு அவர் எத்தனை முறை வாதாட முடியும்?

காகிதத்தோடு பிழைக்கும் குமாஸ்தா என்ற முறையில் இதைப் பற்றிச் சிறிது விரித்தே சொல்வேன். நடுவழியில் என்ஜின் பழுதுற்றால், என்ன கோளாறு, எந்நேரம், எவ்விடம் என்பவற்றைப் பதிவு செய்யாமல் இரயில்வேயில் எதுவும் நடவாது. நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். திரையில் தோன்றும் எச்சரிக்கை எண்ணைச் சாவியை அணைக்கும் முன்பே படம் எடுங்கள். அணைத்து மீண்டும் போட்டால் அது மறைந்துவிடக்கூடும். ஓடிய கிலோமீட்டரையும் நேரத்தையும் குறியுங்கள். வண்டியை ஒப்படைக்கும்போது ஜாப் கார்டு எழுதி வாங்குங்கள். “வண்டி ஓடவில்லை” என்று மொட்டையாக எழுதினால் ஏற்காமல், என்ன குறை என்று விளங்க எழுதச் சொல்லுங்கள். திருப்பித் தரும் நாளையும் அதில் குறிக்கச் செய்யுங்கள். தொலைபேசியில் பேசியதைப் பின்னர் ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பி வையுங்கள். வாரண்டி உள்ளவரை வெளி மெக்கானிக் பேட்டரியின் முத்திரையைத் திறக்க இடங்கொடாதீர்கள்.

இத்தனையும் செய்தும் பயனில்லையேல், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தமிழிலும் கன்னடத்திலும் முறையிடலாம். இதனால் என்ன விளையும் என்று அலுத்துக்கொள்வோர்க்கு ஒரு செய்தி: ஓலா வண்டிகளைப் பற்றி ஓராண்டில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட முறையீடுகள் அவ்வெண்ணில் குவிந்த பின், 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்நிறுவனத்திடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. தனியே அழைத்தவர்களின் குரல்கள் சேர்ந்தே அந்த எண்ணிக்கை ஆயிற்று.

அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உள்ளது. வண்டியை ஓசூரில் வாங்கியிருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் வசிக்கும் இடத்துக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ உரிய ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஊருக்கு ஓட வேண்டியதில்லை. கொடுத்த விலை ஐந்து இலட்சத்துக்கு மேற்படாதவரை கட்டணமும் இல்லை. நம் ஸ்கூட்டர்கள் எல்லாம் அதற்குள் அடங்குபவையே. வக்கீல் வைத்துக்கொள்வது கட்டாயமன்று. இணையத்தின் வழியும் மனு அனுப்பலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும். பில், வாரண்டி அட்டை, ஜாப் கார்டுகள், அனுப்பிய குறுஞ்செய்திகளின் படிகள் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு மனுவுடன் இணைக்க வேண்டும்.